முதுகுக்காரியின் ஐந்தாவது வேலை

கிட்ட வாருங்கள், என் கண்களா. இன்னும் கொஞ்சம் கிட்ட. கையில் போன் இருந்தால் கவிழ்த்து வையுங்கள், அது ஓடிப்போகாது. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். நான் சொல்லப்போகிறது பட்டப்பகலில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் வந்தது. அதை வா என்று அழைத்து வந்ததும் ஒரு வாய்தான். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

பழைய மாடிவீடு ஒன்று. மாடியில் அண்ணன் குடும்பம், கீழே தம்பி குடும்பம். அண்ணன் லாரி ஓட்டுகிறவன்; மாதத்தில் இருபது நாள் வெளியூரில்தான் விடியும். தம்பிக்கு ஆலையில் வேலை. ஆகவே அந்த வீட்டில் எந்நேரமும் இருந்தவர்கள் இரண்டு ஓரகத்திகள். பெரியவள், சின்னவள் என்றே சொல்கிறேன், உங்களுக்கும் நினைவு வைக்கச் சுலபம்.

பெரியவள் ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் எழுத்தர். எந்தப் பிள்ளை அன்றைக்கு வரவில்லையோ அந்த வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வதும், பெற்றோர் குழுவுக்குச் செய்தி அனுப்புவதும் அவள் பொறுப்பு. சின்னவள் தையல்காரி. கீழ்வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு டேப்.

இந்த இருவருக்கும் நடுவில் ஒரு பிள்ளை. பெரியவளின் மகள், பதின்மூன்று வயது, அம்மா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலேயே படித்தவள். வாய் ஓயாமல் பேசுவதால் சின்னவள் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தாள். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. பெற்றவள் மட்டும் பிடிவாதமாகப் 'பாப்பா' என்றாள்.

ஒரு நாள் மாலை நாலரைக்குப் பெரியவள் வேலை முடிந்து வந்தாள். மாடிப்படியின் கீழே நின்று பார்த்தாள். பாப்பாவின் செருப்பு மாடி வாசலில் இல்லை, கீழ்வாசலில் கிடந்தது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். புதுத்துணி வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் கலந்து வாசல்வரை வந்தது.

"அம்மா, இங்க வந்து பாரேன். கண்ணைக் கட்டிக்கிட்டு ஊசியில நூல் கோக்கணும். எல்லாரும் செஞ்சு வீடியோ போடுறாங்க. சித்தி பதினோரு செகண்டு, நான் ஒம்போது."

"அக்கா, நீங்களும் வாங்க. உங்க பொண்ணு என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டா" என்றாள் சின்னவள்.

"எனக்கு வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் அவர்களைத் தாண்டி உள்ளே போய், குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக் குடித்தாள். முதுகு காட்டி நின்றே குடித்தாள். முகத்தைக் காட்டினால் அது என்ன சொல்லுமென்று அவளுக்கே தெரியும்.

பொறாமை என்பது மற்ற நோய் மாதிரி இல்லை, கண்களா. மற்ற நோய் வந்தால் நாலு பேரிடம் சொல்லலாம். இதை யாரிடம் சொல்வது? மகள் முதன்முதலாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயந்து நின்ற அன்றைக்கு, மாடியில் அம்மா இருக்க, அவள் இறங்கிப் போய்ச் சித்தி வாசலில்தான் நின்றாள். அம்மாவுக்கு மறுநாள்தான் தெரிந்தது. அன்றைக்கு வயிற்றில் விழுந்த கங்கு அணையவே இல்லை. மகள் 'சித்தி' என்று சொல்லும்போதெல்லாம் யாரோ அதை ஊதிவிட்டார்கள்.

அந்த ஊசி நூல் வீடியோவை ராத்திரி பெரியவள் பத்துத் தடவை பார்த்தாள். முன்னால் இரண்டு பேர் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் மங்கலாக, யாருக்கும் வேண்டாத ஒருத்தி முதுகைக் காட்டி நிற்கிறாள். அவளேதான் அது.

மறுநாள் மதிய இடைவேளையில் பள்ளிக்கூடத்தின் பதிவேட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மக்கிய காகித நெடி. ஜன்னல் இல்லாத அறை. அந்த வீடியோவிலிருந்து தன் முதுகை மட்டும் வெட்டி எடுத்து, இருட்டாக்கி, ஒரு படம் செய்தாள். பிறகு போனின் வாயில் கைக்குட்டையைச் சுற்றி, தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு பேசிப் பதிவு செய்தாள்.

"பெத்தவங்க எல்லாரும் கேளுங்க. பிள்ளைங்க போனுக்கு ஒருத்தி வர்றா. முகத்தைக் காட்டமாட்டா, முதுகுதான் தெரியும். அஞ்சு வேலை குடுப்பா. முதல் வேலை, வீட்ல இருக்குற கண்ணாடியெல்லாம் சுவரைப் பாக்கத் திருப்பணும். ரெண்டாவது, வாயைத் திறக்கக் கூடாது. மூணாவது, போட்டோவுல எல்லாம் தன் முகத்தை வெட்டி எடுக்கணும். நாலாவது, யார் கூப்பிட்டாலும் முதுகைக் காட்டணும். அஞ்சாவது வேலையை என் வாயால சொல்லமாட்டேன். அதைச் செஞ்ச பிள்ளை திரும்பி வந்ததில்லை."

ஐந்தாவது என்ன என்று அவள் யோசிக்கவே இல்லை. மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடம்தான் இருந்தது. அதனால் சொல்லமாட்டேன் என்று விட்டுவிட்டாள். ஆனால் கேட்டவர்களை நடுங்கவைத்தது அந்த ஒன்றுதான்.

ஒருமுறை போட்டுக் கேட்டாள். நன்றாகவே வந்திருந்தது. ஒன்றே ஒன்று. அவள் நிறுத்தி நிறுத்திப் பேசிய இடங்களில், யாரோ மூச்சு இழுக்கிற சத்தம் இருந்தது.

பதிவு செய்யும்போது அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

கைக்குட்டை உரசியிருக்கும் என்று நினைத்து, படத்தோடு சேர்த்துப் பெற்றோர் குழுவில் போட்டாள். 'எனக்கு வந்தது, அப்படியே அனுப்புகிறேன்' என்று மேலே ஒரு வரி. ஊர் கெட்டுப்போகிற வரி அதுதான், கண்களா. யாருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

அவள் மேசைக்குத் திரும்புவதற்குள் நாற்பது பேர் அதை அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடக் காவல்காரர் அவளிடமே வந்து, "அம்மா, உங்களுக்குத் தெரியுமா, முதுகுக்காரின்னு ஒருத்தி..." என்று தொடங்கினார். பெயர்கூட அவள் வைத்ததில்லை. அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. மருந்துக்கடைக்காரர், தன் மச்சினன் ஊரில் மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள் என்றார். எந்த ஊர் என்று கேட்டால் மச்சினனுக்கே வேறு யாரோ சொன்னார்களாம். ஐந்தாவது வேலை கிணறு என்றார் ஒருவர், மொட்டைமாடி என்றார் இன்னொருவர். தலைமையாசிரியை சுற்றறிக்கை ஒன்று சொல்லச் சொல்லப் பெரியவளே அதைத் தட்டச்சு செய்தாள். பெற்றோர் கூட்டம் நடந்தது. தன் பிள்ளைக்கு அது வந்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆனால் வரவே வராது என்று சொல்லவும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஊரே அரண்டுவிட்டால் எந்த இருட்டைப் போய் விளக்கிப் பார்ப்பது?

பெரியவளுக்கு வேண்டியது கிடைத்தது. மகளின் போனைப் பிடுங்கி இரும்பு அலமாரியில் பூட்டினாள். கீழே இறங்கிப்போய்ச் சின்னவளிடம், "இனிமே அவளை வச்சு வீடியோ கீடியோன்னு ஆட வேண்டாம். காலம் கெட்டுக்கிடக்கு. அவ மாடியிலயே இருக்கட்டும்" என்றாள்.

சின்னவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "நூல் கோத்ததுக்கும் அதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"பெத்தவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்."

சின்னவள் முகம் சுண்டிப்போனது. பெரியவள் படியேறும்போது, வயிற்றுக் கங்கின் மேல் யாரோ குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது போலிருந்தது. அன்றைக்கு மகள் மாடியில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பேச்சுக் குறைவுதான். இருந்தாலும் பக்கத்தில் இருந்தாளே.

திங்கட்கிழமை மாலை அவள் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டுத் தலை நிமிர்ந்தாள். கண்ணாடி இருந்த இடத்தில் அதன் பின்பக்கத்து அட்டை தெரிந்தது.

"பாப்பா, என்ன விளையாட்டு இது?"

மகள் தோளைக் குலுக்கினாள். கோபம், வேறென்ன, என்று பெரியவள் கண்ணாடியைத் திருப்பி மாட்டினாள். காலையில் அது மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை ரேடியோ நின்றுவிட்டது.

பள்ளிக்கூடத்திலும் பேசவில்லை, வீட்டிலும் பேசவில்லை. பெரியவள் கெஞ்சினாள், அதட்டினாள். கடைசியில் ஒரு தாளை நீட்டி, "எழுதியாவது காட்டு. உன்னை யாராவது மிரட்டினாங்களா?" என்றாள்.

பிள்ளை எழுதினாள்: 'இல்லை. அவ பாவம்மா. யாருமே அவளைக் கூப்பிடலையாம்.'

பெரியவள் ஓடிப்போய் அலமாரியைத் திறந்து பார்த்தாள். போன் உள்ளேதான் இருந்தது. தொட்டால் சில்லென்று செத்துக் கிடந்தது.

புதன்கிழமை தம்பி கல்யாணப் படம், பள்ளிக்கூடப் படம், அப்பாவோடு லாரியில் உட்கார்ந்த படம், எல்லாவற்றிலும் மகள் முகம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. எவ்வளவு சுத்தமான வெட்டு. வெட்டிய முகங்களை வீடு முழுக்கத் தேடினாள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை கூப்பிட்டால் முதுகைக் காட்டினாள். சாப்பிடக் கூப்பிட்டால், முதுகு. அழுது கூப்பிட்டால், முதுகு. பெரியவள் சுற்றிப்போய் முன்னால் நின்றால் பிள்ளை தானும் சுற்றினாள். பெற்ற பிள்ளையின் முகத்தை அன்றைக்கு முழுவதும் அவள் பார்க்கவே இல்லை.

இது நடிப்புத்தான், ஊரெல்லாம் கேட்ட கதையைப் பிள்ளை தன்னைப் பழிவாங்க ஆடிக்காட்டுகிறாள் என்று நம்பப் பார்த்தாள். நம்புவதற்கு இடமும் இருந்தது. நான்கு வேலையையும் ஊரே அறியும். ஐந்தாவதுதான் யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. தெரியாத ஒன்றைப் பிள்ளை எப்படிச் செய்வாள்?

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் வராதவர்களின் பட்டியல் அவள் மேசைக்கு வந்தது. அதில் அவள் மகளின் பெயர் இருந்தது. காலையில் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுவந்து விட்டவளே அவள்தான். பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று. வெயில் முற்றம் முழுக்கக் காய்ந்தது. கீழ்வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் அது நின்றது.

"என்னக்கா, வெளிய போயிருந்தீங்களா? மேலதானே இருந்தீங்க" என்றாள் சின்னவள்.

"நானா?"

"காலையிலேருந்து ரேடியோகிட்ட நீங்க பேசுற சத்தம் கேட்டுட்டே இருக்கே. தொண்டை கட்டிக்கிச்சா உங்களுக்கு? ஒரு மாதிரி கரகரன்னு..."

பெரியவள் மாடிப்பக்கம் திரும்பினாள். படியில் கால் வைத்தாள். பதினாறு படி. ஒவ்வொன்றும் அவளுக்குக் கிணற்றில் இறங்குகிறது போலிருந்தது.

மாடிக் கதவு திறந்திருந்தது. முன்னறையில் வெயில். அடுக்களையில் வெயில். பின்னறைக் கதவு மட்டும் ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. அதன் இடுக்கிலிருந்து ஒரு நெடி வந்தது. மக்கிய காகித நெடி. அந்த வீட்டில் அப்படிக் காகிதம் எதுவும் இல்லை.

தள்ளினாள்.

மகள் மூலையில் நின்றாள். நெற்றி சுவரில் படாத குறை. ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஆனாலும் அந்த மூலைவரை வெளிச்சம் போகவில்லை.

"பாப்பா."

முதுகு அசையவில்லை.

"பாப்பா, அம்மா வந்திருக்கேன்."

"தெரியும்" என்றாள் மகள். நாலு நாளைக்குப் பிறகு கேட்ட குரல். மெதுவாக, பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பப் பயந்தவள் போல் பேசினாள். "ரெண்டு பேரும் வந்துட்டீங்க."

"இங்க யாருடி இருக்கா?"

"நீதான்மா. படத்தைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உன் முதுகு எனக்குத் தெரியாதா? சித்தி வீட்டுல தண்ணி குடிச்சுட்டு நின்னது. நீ கூப்பிடுறேன்னு நினைச்சேன். நீ வாயைத் திறந்து கூப்பிடவே மாட்டேல்ல, அதான் வந்தேன்."

பெரியவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள்; பிள்ளையைத் தவிர யாரும் இல்லை.

"நாலும் செஞ்சுட்டேன்மா. அஞ்சாவது என்னன்னு கேட்டேன். அவளுக்குத் தெரியலையாம். நீ சொல்லாம விட்டுட்டியாம்."

அப்போது மூச்சுச் சத்தம் கேட்டது.

நிறுத்தி, நிறுத்தி.

பிள்ளையின் மூச்சு இல்லை. தன் மூச்சும் இல்லை. அவள் அதை அடக்கிக்கொண்டுதான் நின்றாள்.

"சொல்லும்மா. அவ காத்துட்டிருக்கா. நீ என்ன சொன்னாலும் நான் செய்யணுமாம்."

கண்களா, இந்த இடத்தில் பெரியவளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? விட்டுவிடு, எல்லாம் பொய் என்று சொல்லத் தோன்றியிருக்கும் என்றுதானே? அவளும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நாக்கில் வந்து நின்றது வேறொன்று. ஐந்தாவது வேலை அவளுக்குள்ளேயே அத்தனை நாளும் இருந்தது. யோசிக்காமல் விட்டதாக நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். *என்னோடயே இரு. இனிமே வேற யார் முகத்தையும் பாக்காதே.* அது வெல்லம் போல் நாக்கில் கரைந்தது. சொன்னால் போதும். மகள் எந்நாளும் கீழே இறங்கமாட்டாள். சித்தி என்று சொல்லமாட்டாள். முழுக்க முழுக்க இவளுக்கே இவளுக்கு.

"என்..." என்று தொடங்கிவிட்டாள்.

மகள் ஒரு அடி முன்னால் வைத்தாள்.

முன்னால் வைக்க அங்கே இடம் இல்லை. சுவர்தான் இருந்தது. ஆனாலும் வைத்தாள். நெற்றி சுவரில் பட்டது. நிற்கவில்லை. இருட்டுத் தண்ணீரில் முகம் அமிழ்கிற மாதிரி, நெற்றி உள்ளே போயிற்று.

பெரியவள் உதட்டைக் கடித்தாள். உப்புக் கரித்தது.

அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவள் பார்த்தது சுவரை இல்லை. கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கும் இரண்டு முகங்களைப் பார்த்தாள். அதில் ஒரு முகத்துக்கு உயிர் வேண்டுமென்றால் இன்னொரு முகமும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அவள் தன் வாழ்நாளில் சொன்னதிலேயே கசப்பான சொல்லைச் சொன்னாள்.

"அஞ்சாவது வேலை, நீ கீழ போகணும். சித்திகிட்ட போ. சித்தி மடியில உக்காரு. என்னெல்லாம் பேசணுமோ அவகிட்டப் பேசு. எனக்கு மிச்சம் வைக்காட்டியும் பரவாயில்ல."

மூச்சு நின்றது.

அறைக்குள் அப்படி ஒரு அமைதி. தெருவில் சைக்கிள் மணி கூடக் கேட்டது. பிறகு மகள் சுவரிலிருந்து மெல்லப் பின்வாங்கி, திரும்பினாள். நெற்றியில் சுண்ணாம்புத் தூள். முகம் முழுசாக இருந்தது. கண், மூக்கு, வாய் என்று பெரியவள் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிபார்த்தாள். பிள்ளை அவளைத் தாண்டி ஓடினாள். பதினாறு படியிலும் காலடி கேட்டது. கீழே நாற்காலி நகர்ந்தது. அப்புறம், "சித்தி" என்று ஒரு கேவல். பிறகு ரேடியோ தொடங்கியது, நாலு நாள் பாக்கியையும் சேர்த்து.

பெரியவள் அந்த அறையிலேயே நின்றாள். அவளுக்கு முதுகுப்பக்கத்தில் யாரோ மெல்ல விசும்பினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தாமல் இறங்கிப் போனாள்.

அன்றைக்கே சின்னவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். படம், கைக்குட்டை, வயிற்றுக் கங்கு, ஒன்றையும் மறைக்கவில்லை. சின்னவள் கேட்டுக்கொண்டே பிள்ளையின் தலையைக் கோதினாள். மடியில் பிள்ளை தூங்கிவிட்டிருந்தாள்.

"அது உங்க முதுகாக்கா?" என்றாள் கடைசியில். "அதைப் பாத்துட்டு நான் மூணு நாளாப் பாத்ரூமுக்குத் தனியாப் போகல."

பெரியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நான் உங்களை வாங்க வாங்கன்னுதானேக்கா கூப்பிட்டேன்" என்றாள் சின்னவள். அதில் கோபம் இருந்தது. கொஞ்ச நாள் இருக்கத்தான் செய்தது.

மறுநாள் பெரியவள் தன் சொந்தக் குரலில், தன் பெயர் சொல்லி, அது நான் கட்டிய பொய், மன்னித்துவிடுங்கள் என்று குழுவில் பேசிப் போட்டாள். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போட்டாள். யார் நம்பினார்கள்? 'பாவம், மிரட்டிச் சொல்ல வைத்திருக்கிறார்கள்' என்று ஒருவர் எழுதினார். 'முதுகுக்காரி இப்போது பெரியவர்களுக்கும் வேலை கொடுக்கிறாள், ஜாக்கிரதை' என்று இன்னொருவர். அந்த வரி நாற்பது பேருக்குப் போனது. தலைமையாசிரியைகூட அவளைத் தனியாக அழைத்து, வீட்டில் ஏதும் கஷ்டமா என்று கேட்டு இரண்டு நாள் விடுப்புக் கொடுத்தாள். பொய்யைச் சொன்னபோது ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. உண்மைக்குத்தான் சாட்சி கேட்டார்கள்.

மாதம் ஒன்று போனது. பெரியவள் இப்போது வேலை முடிந்ததும் நேராகக் கீழ்வீட்டுக்குத்தான் போகிறாள். பித்தான் தைக்கக் கற்றுக்கொண்டாள்; கோணலாகத்தான் வரும். மகளும் சித்தியும் சிரித்தால் வயிற்றில் அந்தச் சூடு இன்னும் லேசாக எழும். எழுந்தால் வாய்விட்டே சொல்லிவிடுவாள்: "எனக்குப் பொறாமையா இருக்கு, கொஞ்சம் தள்ளி உக்காருங்க ரெண்டு பேரும்." அவர்கள் நடுவில் இடம் விடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ரேடியோ தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். ஆண்கள் இருவரும் வெளியே. சின்னவள் மெஷின்மேல் குனிந்து ஏதோ மெல்லிய துணியைத் தைத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் ஜன்னலோரம் நின்று, தைத்து முடித்த சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் நகருங்க. வெளிச்சம் மறைக்குது" என்றாள் சின்னவள், தலையைத் தூக்காமலே.

பெரியவள் இரண்டடி தள்ளி, சுவரோரம் போய் நின்றாள். "இப்பச் சரியா?"

"நீங்க இல்லக்கா" என்றாள் சின்னவள், தையலில் கண்ணாக. "உங்க கூட நிக்கிறவங்களை நகரச் சொல்லுங்க."

என் கதை இவ்வளவுதான், கண்களா. எழுந்து போகும்போது ஒருவர் கையை ஒருவர் விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டில் யாரும் முதுகு காட்டி நிற்கும்படி ஆகாதிருக்கட்டும். கூப்பிட நாலு வாய் இருக்கட்டும், திரும்பிப் பார்க்க நாலு முகம் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் பேச்சு ஓயாமல், உங்கள் அறைகளில் வெளிச்சம் குறையாமல், எல்லாரும் நன்றாக இருங்கள்.